பிறர் கண்ணில் வாழும் செருக்கு

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ராஸ், ஃபியோர் சிக்கோலி என்னும் உளவியலார் இருவர், கணவன் மனைவியர் 37 இணையரைக் கொண்டு நடத்திய ஆய்வு 1979இல் வெளிவந்தது. இருவரும் தனித்தனியே ஒரு வினாத்தாளை நிரப்ப வேண்டும். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கலாகாது. காலையுணவு ஆக்குதல், ஏனங்கள் கழுவுதல், வீட்டைத் துப்புரவு செய்தல், கடைக்குப் போதல், குழந்தையைப் பேணுதல் என 20 செயல்கள் அத்தாளில் இருந்தன. ஒவ்வொன்றின் எதிரிலும் 150 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு கோடு. அதன் ஒரு முனைக்குப் பெரும்பாலும் மனைவி என்று பொருள். மறுமுனைக்குப் பெரும்பாலும் கணவன். அச்செயலில் தம் பொறுப்பு எவ்வளவோ அதற்கேற்ற இடத்தில் கோட்டைக் குறுக்கே வெட்டிக் குறியிட வேண்டும். இருவரும் உள்ளதை உள்ளவாறு குறித்திருந்தால், கணவன் தனக்கென எடுத்துக்கொண்ட நீளமும் மனைவி தனக்கென எடுத்துக்கொண்ட நீளமும் சேர்ந்து 150 ஆகவேண்டும். பெரும்பாலான இணையரிடம் கூட்டுத்தொகை அதை விஞ்சி நின்றது.

மாந்தர் தம்மைத் தாமே மெச்சிக்கொள்வது உலகறிந்ததுதானே, இதற்கு ஓர் ஆய்வு வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த வினாத்தாளில் பூசலைக் கிளப்புவது யார் என்பது போன்ற, பெருமை தராத செயல்களும் இருந்தன. அவற்றிலும் பலர் தம் பங்கைக் கூட்டியே குறித்திருந்தனர். வீண்பெருமையே முழுக் காரணம் என்றால், சண்டைக்கான பொறுப்பையும் ஒருவர் ஏன் தம் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்?

விடை நினைவில் இருந்தது. தாம் செய்தவற்றுக்கும் துணைவர் செய்தவற்றுக்கும் எடுத்துக்காட்டுகள் எழுதச் சொன்னபோது, தாம் செய்தவையே மிகுதியாக நினைவுக்கு வந்தன. அந்த வேறுபாடு எவ்வளவு பெரிதோ, அவ்வளவுக்குப் பொறுப்பை மிகுத்துச் சொல்லும் போக்கும் இருந்தது. நான் கழுவிய ஏனம் என் கை அறிந்தது; நான் இல்லாத பொழுதில் அவள் கழுவியதை என் கண்ணும் அறியாது. இதைச் செருக்கு என்று பழிப்பது பொருந்தாது. அவரவர் உடலுக்குள் இருந்துகொண்டே உலகைக் காணவேண்டியிருப்பதால் எழும் சாய்வு இது. இதைத் தன்மையப் பார்வை என்போம். கார்னெல் பல்கலைக்கழகத்துத் தாமஸ் கிலோவிச்சும் துணையாய்வாளரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பாடகர் பேரி மானிலோவின் உருவம் பொறித்த, மாணவர் அணியக் கூசும் ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருவர் அறைக்குள் நுழைந்தார். அறையில் இருந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் அதைக் கவனித்திருப்பர் என்பது அவர் மதிப்பீடு. கவனித்தவர் நால்வரில் ஒருவர் அளவே. நாணத்தால் குறுகி நிற்பவரும் தம்மையே நடுவாக வைத்து உலகை அளக்கிறார் என்பதை இது காட்டுகிறது.

தன்னலம் வேறு வகை. அங்கே பார்வைச் சாய்வு இல்லை. ஊதியக் கணக்கு உண்டு. அக்கணக்கு மனிதச் செயல் முழுவதையும் ஆள்கிறது என்று வாதிட்டோர் பழங்காலந்தொட்டே இருந்திருக்கின்றனர். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில மெய்யியலார் தாமஸ் ஹாப்ஸைப் பற்றி அவர் நண்பர் ஜான் ஆப்ரி எழுதிவைத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. தெருவில் நலிந்த முதியவர் ஒருவருக்கு ஹாப்ஸ் காசு கொடுத்தார். உடனிருந்த சமயகுரு ஒருவர், கிறித்துவின் கட்டளை இல்லாவிட்டாலும் கொடுத்திருப்பீரா என்று மடக்கினார். கொடுத்திருப்பேன் என்றார் ஹாப்ஸ். முதியவரின் துன்பத்தைக் கண்டு தமக்கும் துன்பம் எழுந்ததாம். காசு அவர் துன்பத்தைத் தணித்தபோது தம் துன்பத்தையும் தணித்ததாம்.

இவ்விடையின் வலிமை எதிர்ச்சான்று அனைத்தையும் விழுங்கிவிடுவதில் இருக்கிறது. தாய் பசித்திருந்து பிள்ளைக்கு ஊட்டினால், அதில் அவளுக்கு ஒரு நிறைவு. வீரன் நாட்டுக்கு உயிர் கொடுத்தால், அவனுக்குப் புகழ். எது நடந்தாலும் மெய்யென்று நிற்கும் கொள்கை அறிவியலுக்குப் பயன்படாது. அதைப் பொய்ப்பிக்கக்கூடிய ஒரு வழியைக் காண்பவரே அறிவியலுக்குத் தொண்டு செய்கிறார். கான்சஸ் பல்கலைக்கழகத்துச் சி. டேனியல் பேட்சன் 1981இல் அத்தகைய வழியைக் கண்டார். ஹாப்ஸ் சொன்னது மெய்யானால், பிறர் துன்பத்தைக் காணாமல் விலகிப்போக எளிய வழி இருக்கும்போது யாரும் உதவ மாட்டார்கள். ஏனெனில் விலகினாலே தம் துன்பம் தணிந்துவிடும். இதை ஆய்ந்து பார்க்கலாம் அல்லவா?

மாணவியர் திரையில் எலைன் என்னும் பெண்ணைக் கண்டனர். அவள் ஒரு சோதனையில் மின்னதிர்ச்சி பெற்று நடுங்குகிறாள். முன்பே பதிவு செய்த நடிப்பு அது என்பதை மாணவியர் அறியார். சிலரிடம் இரண்டு சுற்று மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொல்லப்பட்டது. மற்றவர் பத்துச் சுற்றும் பார்க்க வேண்டும். எலைனின் விருப்பு வெறுப்புகள் உன்னுடையவற்றை ஒத்தவை என்று சிலருக்கும், ஒவ்வாதவை என்று சிலருக்கும் தெரிவிக்கப்பட்டது. பிறகு, அவளுக்கு மாற்றாக நீ அமர்ந்து எஞ்சிய அதிர்ச்சியை ஏற்கிறாயா என்று வினவினர். அவளைத் தம்மோடு ஒவ்வாதவளாக எண்ணியோரில், விலகும் வழி எளிதாயிருந்தபோது உதவ முன்வந்தவர் 18 விழுக்காட்டினர்தாம். இங்கே ஹாப்ஸ் வென்றார். தம்மை ஒத்தவள் என்று எண்ணியோரிலோ, விலக வழி திறந்திருந்தும் 91 விழுக்காட்டினர் அதிர்ச்சியை ஏற்க இசைந்தனர். ஒருவரோடு ஒன்றி உணரும்போது அவரும் நாமும் ஒன்றாகத் தோன்றுகிறோம். எனவே அதுவும் தனக்குத்தானே உதவிக்கொள்வதே என்று உளவியலார் ராபர்ட் சியால்டினி பின்னர் மறுத்தார். வழக்கு இன்னும் தீரவில்லை. எனக்குப் பேட்சன் பக்கமே வலுவாகத் தெரிகிறது. நானும் பிறரும் ஒன்று என்னும் அளவுக்கு விரிந்துவிட்ட ஒன்றைத் தன்னலம் என்று அழைத்தால் அச்சொல்லுக்கு வேலையே இல்லாமற் போகும்.

இவ்விரண்டினும் வேறானது மூன்றாவது. தன்னலக்காரனுக்கு நம் கைத்தட்டல் வேண்டியதில்லை. காசு வந்தால் போதும், பெயர் யாருக்குப் போனாலும் கவலைப்படான். தற்காதல் கொண்டவனோ கைப்பொருளை இறைத்து, கடன் வாங்கியும் தன் பெயருக்கு விழா எடுப்பான். மேலை உளவியலில் நார்சிசம் எனப்படும் இத்தற்காதலே மூன்றிலும் சிக்கல் மிக்கது.

உரோமப் புலவர் ஓவிட் சொன்ன கதையில், நீரில் தெரிந்த தன் உருவத்தின்மேல் காதலுற்று அதன் அருகிலேயே மாய்ந்தவன் நார்சிசஸ். ஆங்கில மருத்துவர் ஹேவ்லாக் எல்லிஸ் 1898இல் அவன் பெயரை உளவியல் எழுத்தில் கொணர்ந்தார். மறு ஆண்டு செருமானிய மருத்துவர் பால் நேக்கே அதைக் கலைச்சொல்லாக்கினார். ஃபிராய்டு 1914இல் அதைப் பற்றித் தனிக் கட்டுரையே வரைந்தார். இக்கதை ஆய்வாளரை நெடுங்காலம் திசைதிருப்பியது என்பது என் துணிபு. கதையில் வரும் இளைஞன் ஆளரவமற்ற காட்டில், தன்னந்தனியே, தன்னால் தானே நிறைந்து கிடக்கிறான். நாம் காணும் தற்காதலர் யாரும் அப்படித் தனித்திருப்பதில்லை. அவர்களுக்கு அவை வேண்டும், பார்ப்போர் வேண்டும், பாராட்டு வேண்டும்.

மருத்துவர்கள் இதை உணர்ந்தனர். ஆயினும் காரணத்தில் முரண்பட்டனர். வியன்னாவில் பிறந்து, நாட்சிகளுக்குத் தப்பி வெளியேறி, அமெரிக்காவில் பெயர் பெற்ற இருவர் இதில் எதிரெதிர் நின்றனர். ஹைன்ஸ் கோஹுட் 1971இல் வெளியிட்ட நூலில், தன் மகிழ்ச்சியைத் தாயின் முகத்தில் கண்டு வளரவேண்டிய குழந்தைக்கு அது கிட்டாதபோது வளர்ச்சி இடையில் நின்றுவிடுகிறது என்றார். ஆகவே மருத்துவர் அந்த ஏக்கத்தைப் பொறுமையோடு ஏற்றுப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் முறை. ஓட்டோ கெர்ன்பெர்க் உடன்படவில்லை. பெருமிதத் தோற்றம் உள்ளே கனலும் பொறாமையையும் சினத்தையும் மறைக்கும் அரண். அதை மருத்துவர் எடுத்துக்காட்டி உடைக்க வேண்டும் என்று 1975இல் எழுதினார். ஒருவர் ஏக்கம் என்றதை மற்றவர் அரண் என்றார்.

அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் நோய்க் கையேடு 1980இல் தன் மூன்றாம் பதிப்பில் தற்காதல் ஆளுமைக் கோளாற்றை முதன்முறையாகச் சேர்த்தது. இன்றைய பதிப்பின்படி ஒன்பது அடையாளங்களுள் ஐந்தேனும் நீடித்து இருத்தல் வேண்டும். தன்னை மிகைத்து மதித்தல், எல்லையற்ற வெற்றிக் கனவு, தனக்கெனத் தனிச்சலுகை எதிர்பார்த்தல், பிறரைக் கருவியாகக் கொள்ளல், பிறர் உணர்வை மதியாமை, பொறாமை என்பன அவற்றுட் சில. பாராட்டின்மேல் தீராத வேட்கையும் அவற்றுள் ஒன்று. நாள்தோறும் கைப்பேசியில், பிரிந்துபோன காதலனையும் கடிந்துகொண்ட மேலாளரையும் இப்பெயரால் சாடுவோர் அந்தப் பட்டியலைப் படித்தவர்களாகத் தெரியவில்லை. உலக நலவாழ்வு நிறுவனம் 2022இல் நடைமுறைக்குக் கொணர்ந்த வகைப்பாட்டிலோ இக்கோளாற்றுக்குத் தனிப்பெயரே இல்லை. ஆளுமைச் சீர்கேடு எவ்வளவு கடுமையானது என்பதையே முதலில் பார்க்கச் சொல்கிறது.

நோயென்னும் எல்லையைத் தொடாமல் எல்லாரிடமும் ஏறியும் இறங்கியும் காணப்படும் பண்பாகத் தற்காதலை அளப்பவர் ஆளுமை உளவியலார். ராபர்ட் ராஸ்கினும் கால்வின் ஹாலும் 1979இல் தொடங்கிவைத்த வினாத்தொகுதி 1988இல் 40 இணைக் கூற்றுகளாகச் சுருங்கியது. ஒவ்வோர் இணையிலும் ஒன்றைத் தேர வேண்டும். உலகை ஆளும் பொறுப்பு தன்னிடம் வந்தால் உலகம் சீர்படும் என்று நினைக்கிறாரா, அந்த நினைப்பே அவருக்குக் கிலியூட்டுகிறதா என்பது போன்ற இணைகள். இந்த அளவுகோல் துணிச்சலும் பகட்டும் உள்ளோரையே பிடிக்கும். பால் விங்க் 1991இல் காட்டியபடி தற்காதலுக்கு இன்னொரு முகமும் உண்டு. வெளியே கூச்சம், உள்ளே பெருமிதம். சிறு சொல்லுக்கும் நொந்துபோய், தன் அருமையை உலகம் அறியவில்லை என்று குமையும் முகம் அது.

பகட்டு முகத்தை முதல் சந்திப்பில் கண்டுகொள்வது எளிதன்று. கனடா உளவியலார் டெல்ராய் பால்ஹஸ் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவரையொருவர் அறியாத மாணவர்கள் சிறு குழுக்களாக வாரம் ஒருமுறை, 20 நிமிடம் கூடிப் பேசினர். ஏழு வாரம் இது நடந்தது. முதல் கூட்டம் முடிந்ததும் உடன் இருந்தோரை மதிப்பிடச் சொன்னபோது, தற்காதல் மிக்கோர் இனியவர், திறமையாளர் என்று பெயர் பெற்றனர். ஏழாம் வாரம் கேட்டபோது அதே வாய்கள் வேறு பேசின. தற்பெருமைக்காரர், பகைமை காட்டுவோர் என்று மதிப்பு சரிந்திருந்தது. வேலைக்கு ஆள் தேரும் நேர்முகத் தேர்வு எத்தனை நிமிடம் நடக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், உயர் பதவிகளில் எத்தகையோர் எளிதில் ஏறுகின்றனர் என்பது விளங்கும்.

முதல் பார்வையில் அப்படி ஈர்ப்பது எது? செருமனியில் மிட்யா பாக் முதலியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், முதலாண்டு மாணவர் 73 பேர் முதன்முதல் கூடிய நாளில் ஒவ்வொருவராக முன்னே சென்று தம்மை அறிமுகம் செய்துகொண்டனர். மற்றவர் உடனே மதிப்பெண் இட்டனர். தற்காதல் மிக்கோர் எடுப்பான உடை, கவரும் முகக்குறி, தயங்காத உடலசைவு, நகைச்சுவை ஆகிய நான்கினாலும் விருப்பத்தைப் பெற்றனர். வியப்பு இதில் இல்லை. தற்காதலின் பல கூறுகளுள், பிறரைப் பயன்படுத்தும் போக்கும் சலுகையை உரிமையாக எண்ணும் போக்கும் சேர்ந்த கூறுதான் முதல் பார்வை ஈர்ப்போடு மிக நெருங்கிப் பொருந்தியது. பின்னாளில் மிகுந்த கேடு செய்யும் கூறு எதுவோ அதுவே முதல் நாளில் மிகுந்த கவர்ச்சியாகிறது.

பாராட்டுக்கு மாறாக இகழ்ச்சி கிடைத்தால் என்ன நிகழும்? பிராட் புஷ்மனும் ராய் பாமைஸ்டரும் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கேட்டது. மாணவர் கருக்கலைப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவர். அடுத்த அறையில் இருப்பதாகச் சொல்லப்படும் மற்றொரு மாணவர் அதைத் திருத்தித் தருவார். அப்படியொரு மாணவர் உண்மையில் இல்லை. சிலருக்குப் புகழ்ச்சி வரும். சிலருக்கு, தான் படித்தவற்றுள் மிக இழிந்த கட்டுரைகளுள் இது ஒன்று என்னும் பொருளில் ஒரு குறிப்பு வரும். பிறகு அந்த ஆளோடே ஒரு விரைவுப் போட்டி. பொத்தானை முந்தி அழுத்தியவர், தோற்றவர் காதில் ஓர் இரைச்சலைப் பாய்ச்சலாம். 60 டெசிபெல் முதல் 105 டெசிபெல் வரை எவ்வளவு, எத்தனை நொடி என்பது வென்றவர் விருப்பம். இகழப்பட்ட தற்காதலரே மற்றெல்லாரையும்விட உரத்த இரைச்சலை நெடிது பாய்ச்சினர். இகழ்ந்தவருக்கு மாறாக, தொடர்பற்ற மூன்றாம் ஆள் போட்டியில் வந்தபோது அச்சினம் அவர்மேல் பாயவில்லை. கண்மூடித்தனமான வெறி அன்று இது; தன் பெருமிதத்தை உடைத்தவனைத் தேடிச் சென்று தாக்கும் சினம். தன்மதிப்பு மிகுந்தோ குறைந்தோ இருந்தது தாக்குதலின் அளவை மாற்றவில்லை என்பதும் கருதத்தக்கது.

தன்மதிப்புக்கும் தற்காதலுக்கும் உள்ள இவ்வேறுபாட்டைக் காணாமல் ஓர் அரசே இடறியது. கலிஃபோர்னியா மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஜான் வாஸ்கொன்செல்லோஸ், வன்முறை, போதைப்பழக்கம், கல்வித் தேக்கம் அனைத்துக்கும் வேர் தன்மதிப்புக் குறைவே என்று நம்பினார். அவர் முயற்சியால் 1986இல் அம்மாநிலம் தன்மதிப்பை வளர்க்கும் பணிக்குழுவொன்றை அமைத்து, மூன்றாண்டுக்கு 7,35,000 டாலர் ஒதுக்கியது. அதற்கெனச் சான்றுகளைத் தொகுத்த பல்கலைக்கழக அறிஞர் தம் நூலின் முன்னுரையிலேயே, தன்மதிப்புக்கும் இக்கேடுகளுக்கும் இடையே கண்ட தொடர்பு மிக மெலிது என்று ஒப்புக்கொண்டனர். ஆயினும் குழுவின் அறிக்கை 1990இல் முழக்கத்தோடு வெளிவந்தது. அமெரிக்கப் பள்ளிகளில் நீ தனிச்சிறப்புடையவன் என்று ஓதும் வழக்கம் பெருகியது.

குழந்தைக்கு அப்படி ஓதினால் விளைவது எது என்று அளந்தவர் நெதர்லாந்தின் எடி பிரும்மல்மன். ஏழு முதல் பதினொரு வயது வரையிலான டச்சுக் குழந்தைகள் 565 பேரையும் அவர்தம் பெற்றோரையும் ஆறு மாத இடைவெளியில் நான்கு முறை ஆய்ந்து, 2015இல் முடிவை வெளியிட்டார். பிற குழந்தைகளினும் தம் குழந்தை மேம்பட்டது, தனிச்சலுகைக்கு உரியது என்று பெற்றோர் எண்ணினால், ஆறு மாதம் கழித்து அக்குழந்தையின் தற்காதல் கூடியிருந்தது. பெற்றோர் அன்பு பாராட்டிய குழந்தைகளிடமோ தன்மதிப்பு கூடியது, தற்காதல் கூடவில்லை. அன்பு குறைந்ததே தற்காதலுக்குக் காரணம் என்னும் விளக்கத்துக்கு இவ்வாய்வு இடம் தரவில்லை. கோஹுட்டின் வழியினர் விடைசொல்ல வேண்டிய இடம் இது.

மிகைமதிப்பை அளக்க இவ்வாய்வாளர் கையாண்ட வழியொன்று சுவையானது. உம் குழந்தைக்கு இவை தெரியுமா என்று பெற்றோரிடம் ஒரு பட்டியல் நீட்டப்பட்டது. நிலவில் நடந்த நீல் ஆம்ஸ்ட்ராங் அதில் இருந்தார்; ஆல்பர்ட்டா அரசியும், பென்சன் என்னும் முயலின் கதையும் இருந்தன. பின்னவை இரண்டும் ஆய்வாளர் புனைந்தவை. உலகில் எங்குமே இல்லாதவை. தம் குழந்தையை மிகைத்து மதித்த பெற்றோர், ஆல்பர்ட்டா அரசியையும் எம் பிள்ளை அறியும் என்று தயங்காது எழுதினர்.

தற்காதலருக்குத் தம்மைப் பற்றித் தெரியாது, தெரிந்தால் திருந்துவர் என்று பலர் எண்ணுகின்றனர். எரிக்கா கார்ல்சன் முதலியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு மாறாக இருந்தது. தாம் தம்மை மதிக்கும் அளவுக்குப் பிறர் தம்மை மதிக்கவில்லை என்பதும், முதலில் விரும்பியோர் நாள்பட வெறுக்கின்றனர் என்பதும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தன. செருக்குடையவன் என்னும் அடைமொழியையும் அவர்களே தமக்குச் சூட்டிக்கொண்டனர். சாரா கொன்ராத் முதலியோர் 2014இல் ஒரு படி மேலே சென்றனர். நாற்பது இணைகளைக் கேட்பானேன், தற்காதலர் என்பதன் பொருளைச் சொல்லி, நீர் அத்தகையவரா என்று நேரே கேட்டாலே விடை பெருமளவு பொருந்துகிறது என்று பதினொரு ஆய்வுகளால் காட்டினர். அதை ஒளிக்க வேண்டிய குறையாக அவர்கள் கருதவில்லை.

அறிவித்துப் பயனில்லை என்றால் வேறு வழி உண்டா? இங்கிலாந்தின் எரிக்கா ஹெப்பர் முதலியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், இல்லறத்தில் வன்முறைக்கு ஆளான ஒரு பெண் தன் துயரைச் சொல்லும் படம் மாணவியருக்குக் காட்டப்பட்டது. தற்காதல் மிக்கோர் வழக்கம்போல் அசையாதிருந்தனர். ஆனால், அவள் நிலையில் உன்னை வைத்து, அவள் என்ன உணர்வாள் என்று எண்ணிக்கொண்டே பார் என்று முன்கூட்டிச் சொல்லப்பட்டோரிடம் பிறரை ஒத்த அளவுக்கு இரக்கம் எழுந்தது. வாய்ச்சொல்லை நம்பலாகாது என்று கருதிய ஆய்வாளர், அடுத்த ஆய்வில் காதல் முறிவால் கலங்கிய ஒருவரின் குரற்பதிவைக் கேட்கவைத்து இதயத் துடிப்பையும் அளந்தனர். துடிப்பும் அவ்வாறே ஏறியது. இரங்கும் ஆற்றல் அவர்களிடம் இருக்கிறது. அதைத் தாமாக எடுத்து ஆள்வதில்லை. ஆனால் இச்சோதனைகளுக்கு உட்பட்டோர் நலமாக வாழும் மாணவரும் பிறரும். கோளாறு முற்றி, மணவாழ்வு முறிந்தோ வேலை பறிபோயோ மனச்சோர்வோடு மருத்துவரை நாடி வருவோரிடம் ஒற்றை வரி அறிவுரை இதே அளவு வேலை செய்யும் என்று இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது.